பொது வாசகர் எந்தத் தெரு?

ஒவ்வொரு வருசமும் சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கும்போது பட்டியல்கள் வரத் தொடங்கும். ‘அவசியம் படிக்க வேண்டிய நாவல்கள்’, ‘பொது வாசகர்களுக்கான நூல்கள்’ என்று ஆளுக்கொன்று போடுவார்கள். போடட்டும். நாலு புத்தகத்தின் பேரை நாலு பேருக்குச் சொல்வது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு என்று தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டே வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘தலித் இலக்கியம்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரே புத்தகம்: பாமாவின் ‘கருக்கு’. ஊர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படியே பட்டியலும் கட்டப்பட்டிருக்கிறது.

பாடத்திட்டத்திலும் இதே கதைதான். நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் இக்கால இலக்கியத் தாளின் ஐந்தாம் அலகில், அதிலும் கடைசியில்தான் தலித் இலக்கியம் இருந்தது. செமஸ்டர் முடியப் போகிறது, நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

‘பொது வாசகர்’ என்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப்பக்கம் புது ஆளைக் கண்டால் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். ‘தம்பிக்கு எந்தத் தெரு?’ என்பார்கள். இந்தப் பொது வாசகரையும் அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது. ஐயா, நீங்க எந்தத் தெரு?

‘பொது’ என்கிற சொல் நமக்குச் சாதாரணச் சொல் இல்லை. பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சாவடி என்று சொல்லப்பட்ட எதுவும் நம் சனத்துக்குப் பொதுவாக இருந்ததில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுச்சாலையில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு தீர்மானம், அதன்மேல் ஒரு அரசாணை. பொது என்றால் எல்லாருக்கும் என்று அர்த்தம் சொல்லவே சட்டசபை கூட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தொண்ணூற்றெட்டு வருசம் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனம் குடிக்கிற தண்ணீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பொது என்கிற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆக, பொது வாசகருக்குப் பட்டியல் போடுவதாக இருந்தால், ஊர்த்தெருவில் இருக்கிறவரும் சேரியில் இருக்கிறவரும் சேர்ந்தவர்தான் பொது வாசகர் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் ஒரே வேலையைச் செய்யாது. ஊர்த்தெரு வாசகர் தலித் எழுத்தைப் பெரும்பாலும் ‘ஐயோ பாவம்’ என்று வாசிக்கிறார். கண்ணீர் விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தால் அவர் கடமை தீர்ந்தது. சேரி வாசகருக்கோ தன் கஷ்டத்தைத் தானே வாசித்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு வேண்டியது யோசனை, வாதம், சிரிப்பு, தன் தெருவைப் பற்றித் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்து இங்கே பன்னிரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன். இவை ஒரே குரலில் பேசுபவை அல்ல. சில ஒன்றோடொன்று சண்டை போடுபவை. அதனால்தான் தேர்ந்தெடுத்தேன்.

எதைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அதை வைத்து எழுதப்பட்டதாகப் பேசப்படும் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த நாவலில் பண்ணையாரின் ஆண்மையின்மையும் அதனால் வந்த மனக்கோணலும் பெரிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு வர்க்கமும் ஒரு சாதியமைப்பும் சேர்ந்து செய்த கொலை ஒரு தனிமனிதனின் உடல் குறையாகச் சுருங்கிவிடுகிறது. செத்தவர்களுக்கு அதில் பேச்சு குறைவு. எழுதத் தெரிந்தவர் எழுதியதுதான். ஆனால் நம்மை யோசிக்கிற மனுசராக வைக்காமல் சாகிற கூட்டமாக மட்டும் வைக்கிற எழுத்து இந்தப் பட்டியலில் வேண்டாம்.

1

தொடங்க வேண்டியது அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அளவில் சின்னது; ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 1930களின் நடுவில் எழுதியது. அவர் காலத்துக்குப் பிறகு 1990இல்தான் தனிப் புத்தகமாக வந்தது. 1901இல் தகப்பனைப் பார்க்கப் போகும் சிறுவர்கள் மாட்டுவண்டிக்கு இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே ஓட்டி, இரவெல்லாம் தண்ணீர் கிடைக்காமல் போகிறார்கள். பரோடாவில் வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்த அதிகாரிக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி சத்திரத்தில் பொய்ப்பெயரில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டுகிறார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது 1929 சாலிஸ்காவ் சம்பவம். ஸ்டேஷனில் இறங்கிய அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு குதிரைவண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் தயாராக இல்லை. தங்கள் தலைவர் நடந்து வருவதை உள்ளூர் மகர்கள் அவமானமாக நினைக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்ட வைக்கிறார்கள். வண்டி கவிழ்கிறது, அம்பேத்கர் கல்லில் விழுந்து காலை முறித்துக்கொள்கிறார். இங்கே அவர் சாதி இந்துவை மட்டும் பார்க்கவில்லை. தன் சனத்தின் மானத்தையும் அந்த மானம் கேட்கிற விலையையும் பார்க்கிறார். கோபத்தைக்கூட அடக்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி வைக்கிறார். ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல இடமே கொடுக்காத எழுத்து இது.

அதை முடித்த கையோடு ‘சாதி ஒழிப்பு’. லாகூரில் சாதியை ஒழிக்க விரும்பிய சங்கம் ஒன்று 1936இல் தலைமையுரைக்கு அழைத்து, உரையைப் பார்த்துப் பயந்து, கூட்டத்தையே கைவிட்டது. அம்பேத்கர் தன் செலவில் 1500 பிரதி அச்சிட்டார். சீக்கிரமே அது பெரியாரின் ‘குடிஅரசு’ வழியாகத் தமிழுக்கு வந்தது. ஊர்த்தெருவின் முற்போக்கு வாசகர் இதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். அந்த உரை எழுதப்பட்டது சனாதனிகளைப் பார்த்து அல்ல. சாதி கூடாது என்று சொல்லிக்கொண்டே சாதிக்கு ஆதாரமான சாத்திரத்தைத் தொடாமல் போகிற நல்லவர்களைப் பார்த்து எழுதப்பட்டது.

மூன்றாவது, மேலே சொன்ன இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. 1939இல் வந்த சின்ன நூல். தலித் எழுத்து மராட்டியத்திலிருந்து இறக்குமதி ஆனது, 1990களில்தான் தமிழில் தொடங்கியது என்று இன்னும் வகுப்பறைகளில் சொல்கிறார்கள். 1893இலேயே ‘பறையன்’ என்று பெயர் வைத்துப் பத்திரிகை நடத்திய மனிதர் இவர். இழிவு என்று சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாகப் போட்டு வீதியில் விற்றார். இதை வாசித்துவிட்டுத் தெம்பிருப்பவர்கள் அயோத்திதாசரிடம் போகலாம். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி 1914இல் சாகும்வரை அவர் எழுதியவற்றை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிடத் தொடங்கியது. பெரிய தொகுதிகள்; ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. அவருடைய பௌத்த வரலாற்றை அப்படியே ஏற்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஆட்கள் நூறு வருசத்துக்கு முன்பே தமிழின் மொத்த வரலாற்றையும் திருப்பி எழுத உட்கார்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதே போதும்.

2

நாவல்களுக்கு வருவோம். பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. கரிசல்காட்டில் தோல்வேலை செய்யும் அழகிரியும் அவர் மகள் முத்துமாரியும் ஊரும் சேர்ந்து நகர்கிற கதை. சுதந்திரத்துக்குப் ‘பிறகு’ என்ன ஆச்சு என்பதுதான் கேள்வி. பூமணி சத்தம் போடுவதில்லை. பேச்சுவழக்கிலேயே, வேலையையும் வெக்கையையும் சொல்லிச்சொல்லி, மாறியது எது மாறாதது எது என்று நம்மையே கண்டுபிடிக்க வைக்கிறார். அவர் தன்னைத் தலித் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது அவர் இஷ்டம். புத்தகம் நமக்கு வேண்டியது.

‘எரியும் பனிக்காடு’ வேறு வகை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதியது, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் தமிழுக்கு வந்தது. 1920களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்கு ஏறிப்போகிற கருப்பன், வள்ளி என்கிற இளம் தம்பதியின் கதை. முன்பணக் கடன், கங்காணி, காய்ச்சல், அட்டை எல்லாம் எப்படி ஒன்றோடொன்று கோத்து ஒரு மனுசனைக் கட்டிப்போடுகின்றன என்று மருத்துவருக்கே உரிய நிதானத்தோடு காட்டுகிறார். நாம் குடிக்கிற டீயின் கதை என்பதால் யார் கையில் கொடுத்தாலும் வாசிப்பார்கள்.

அடுத்த இரண்டு நாவல்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டும் நம் பக்கத்திலேயே சண்டையைக் கிளப்பியவை.

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்தது. தங்கம் என்கிற தலித் விதவை, நிலம் கேட்டதால் சொந்தக்காரர்களால் விரட்டப்பட்டு, உடையார் சாதிப் பண்ணைக்காரனால் சீரழிக்கப்பட்டு, அவன் வீட்டு ஆட்களால் அடிபட்டு, நம் தலைவர் காத்தமுத்துவின் வாசலுக்கு வந்து விழுகிறாள். காத்தமுத்து கெட்டிக்காரர். மனு எழுதத் தெரியும், போலீசிடம் பேசத் தெரியும். வழக்கில் நட்டஈடும் வாங்கிவிடுகிறார். பிறகு அந்தப் பணமும் அவருடையதாகிறது, தங்கமும் அவருடையவளாகிறாள். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கிற வீடு அது. இதையெல்லாம் காத்தமுத்துவின் மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நம் அழுக்கை ஊர் நடுவில் துவைக்கலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. இன்றும் இயக்கத் தோழர்கள் கேட்கிறார்கள். ஊர்த்தெரு வாசகர் இதை வைத்து ‘பாருங்க, அவங்களும் அப்படித்தான்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்பது நியாயமான பயம். ஆனால் அவர் தப்பிப்பார் என்பதற்காகத் தங்கம் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? காத்தமுத்துவை மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்? சிவகாமி அதோடு நிற்கவில்லை. 1997இல் ‘பழையன கழிதலும் ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூல் எழுதி, தன் நாவலையே எடுத்துவைத்து, நான் யாரை எங்கிருந்து பார்த்தேன், எதை விட்டேன் என்று கேட்டார். தன் எழுத்தைத் தானே விசாரித்துக் கூண்டில் ஏற்றியவர்கள் தமிழில் எத்தனை பேர்? இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒன்றாகவே கணக்கில் வைக்கிறேன்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது இலக்கியப் பெரியவர்கள் தூக்கிவைத்துப் பாராட்டினார்கள். தலித் விமர்சகர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆரோக்கியம் பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிற, பிரசவம் பார்க்கிற, களத்தில் நெல் தூற்றிக் கொடுக்கிற, இரவில் வீடுவீடாகச் சோறு வாங்கித் தின்கிற வண்ணாத்தி. அவள் மகள் மேரியைச் சீரழிப்பவனும் அந்தத் தெருக்காரன்தான். நமக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது, அந்தப் படியில் நிற்கிறவளின் கண்ணிலிருந்து பார்த்தால் நாம்தான் ஊர்த்தெரு.

பாராட்டியவர்களில் சிலருக்கு இது வசதியாக இருந்தது என்பது உண்மை. ஆரோக்கியத்தின் பழைய ஊழியம் போய்விடுகிறதே என்று நாவல் அழுகிற இடங்களில் எனக்கும் ஒப்புதல் இல்லை. சேரிக்குச் சோறு சுமக்கிற வேலை ஒழிவது இழப்பு அல்ல, விடுதலை. அந்த விடுதலைக்கு அவள் கையில் மாற்று எதுவும் இல்லை என்பதே பிரச்சினை. நாவல் அதைப் பாதிதான் சொல்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பாராட்டியவர்கள் தப்பான காரணத்துக்காகப் பாராட்டினார்கள் என்பது அதை நாம் வாசிக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. சாதி ஒழிப்பு பேசுகிற இளைஞர்கள் தங்கள் தெருவில் துணி வெளுத்தவரின் பெயரை எப்படி, எந்த விகுதியில் அழைத்தோம் என்று யோசிக்க இந்த நாவல் உதவும்.

3

பெண்கள் எழுத்தில் ‘கருக்கு’ எல்லாரும் சொல்கிற புத்தகம். 1992இல் வந்தது. தமிழ்த் தன்வரலாற்றின் மொழியையே மாற்றியது. வாசிக்காதவர்கள் வாசித்துவிடுங்கள். ஆனால் நான் சொல்ல வருவது பாமாவின் ‘சங்கதி’. 1994இல் வந்தது. இதில் ஒரு நாயகி இல்லை. பாட்டிமார், அத்தைமார், பிள்ளைகள் என்று ஒரு தெருவே பேசுகிறது. விறகு பொறுக்கப் போன மாரியம்மாவை நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் தப்பி ஓடிவருகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள்மேல் பழி போடுகிறான். நம் தெருப் பஞ்சாயத்தே கூடி அவளுக்கு அபராதம் போடுகிறது. இதைச் சொல்லுகிற அதே வாயால் அந்தப் பெண்கள் கேலி பேசுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், புருசனை எதிர்த்துத் தெருவில் நின்று கத்துகிறார்கள். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் கதையோடு இந்தச் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் எடுத்துப்போட்டது. வாசித்தால்தான் அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தெரியும்.

அந்தச் சுகிர்தராணியின் ‘இரவு மிருகம்’, 2004இல் வந்த கவிதைத் தொகுப்பு, ஒன்பதாவது. சாதியும் உடம்பும் தனித்தனி விசயம் இல்லை என்று தமிழ்க் கவிதையில் இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு. பெண்ணுடலைப் பற்றி எழுதினால் ஆபாசம் என்பவர்களுக்கும், சாதியை எழுதினால் கவிதை இல்லை என்பவர்களுக்கும் சேர்த்தே இதில் பதில் இருக்கிறது. 2023இல், விருது நிகழ்ச்சியின் முக்கிய நிதியாளர் அதானி குழுமம் என்று தெரிந்ததும் அந்த விருதே வேண்டாம் என்றவர் இவர்.

4

கடைசி மூன்றில் இரண்டு சிரிப்பு. தலித் எழுத்து என்றாலே ஒப்பாரி என்று நினைப்பவர்களுக்கு ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நல்ல மருந்து. 2002இல் வந்த தன்வரலாற்று நாவல். நவம்பர் 2024இல் மறைந்த ராஜ் கௌதமனை நாம் பெரும்பாலும் ஆய்வாளராகவே பேசுகிறோம். சங்க இலக்கியத்தின் அறத்துக்குப் பின்னால் இருக்கிற அதிகாரத்தைத் தோண்டி எடுத்தவர். அவரே தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது தன்னையே கிண்டலடித்தார். பட்டாளத்துக்காரர் மகன் சிலுவை, பள்ளி, விடுதி, கல்லூரி என்று முட்டிமோதி வந்து, கிறிஸ்தவன் என்பதால் பட்டியல் சாதிச் சலுகை இல்லாமல், வேலைக்காக மதம் மாறி நிற்கிறான். 1950இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை ஒரு இளைஞனின் சோற்றில் எப்படிக் கை வைக்கிறது என்று பத்துக் கட்டுரை சொல்ல முடியாததை இந்தச் சிரிப்பு சொல்லிவிடுகிறது.

சித்தலிங்கையாவின் ‘ஊரும் சேரியும்’ கன்னடத்திலிருந்து பாவண்ணன் மொழிபெயர்த்தது. தொடக்கத்திலேயே, மாட்டுக்குப் பதிலாக நுகத்தடியில் பூட்டப்பட்டு ஏர் இழுக்கிற இரண்டு பேரில் ஒருவர் தன் அப்பா என்று பிள்ளை பார்க்கிறான். அப்படித் தொடங்குகிற புத்தகம் போகப்போகச் சிரிக்க வைக்கிறது. வறுமை, சுடுகாடு, பேய்க்கதை, மேடைப்பேச்சு, போராட்டம் எல்லாம் ஒரே தொனியில் வருகின்றன. 1970களில் கன்னட தலித் இயக்கத்தின் போர்ப்பாட்டுகளை எழுதிய கவிஞர் இப்படிச் சாவகாசமாகச் சிரிக்கிறாரே என்று முதலில் ஆச்சரியமாக இருக்கும். எதிரியைப் பார்த்துச் சிரிக்க முடிந்தவனுக்குப் பயம் போய்விட்டது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பன்னிரண்டாவது, கே. டானியலின் ‘பஞ்சமர்’. 1972இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஈழம் என்றால் நமக்கு இனப்பிரச்சினை மட்டுமே தெரியும். அந்த மண்ணில் தேநீர்க்கடையில் உட்கார்ந்து குடிக்கவும் கோயிலுக்குள் நுழையவும் 1960களின் கடைசியில் நடந்த போராட்டங்களைத் தமிழ்நாட்டு மேடைகள் பேசுவதில்லை. டானியல் அந்தப் போராட்டத்தில் முன்னின்ற கம்யூனிஸ்ட். கலையம்சம் குறைவு, பிரச்சாரம் என்று அவர் எழுத்தை ஒதுக்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். வழக்குமொழி தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் இருபது பக்கம் முரண்டு பிடிக்கும். பொறுத்துப் போனால் பழகிவிடும். தமிழர் என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைக்கிறவர்கள் கையில் கட்டாயம் கொடுக்க வேண்டிய புத்தகம்.

எப்படி வாசிப்பது என்றும் ஒரு வார்த்தை. வரிசையாக வாசிக்க வேண்டாம். புதிதாக வாசிக்க வருகிறவருக்கு ‘விசா’வையும் ‘ஊரும் சேரியும்’ நூலையும் கொடுங்கள். இயக்கத்தில் இருப்பவர்கள் ‘பழையன கழிதலு’ம் ‘கோவேறு கழுதைக’ளும் வாசித்துவிட்டு, பெண்களையும் வைத்துக்கொண்டு, வண்ணார், சக்கிலியர் தோழர்களையும் வைத்துக்கொண்டு விவாதியுங்கள். மாலைப் பள்ளி நடத்துகிறவர்கள் ‘சங்கதி’யைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். அது காதால் கேட்க எழுதப்பட்ட மொழி. எழுதப் படிக்கத் தெரியாத நம் அம்மாமார் வாசிக்கிறவரை நிறுத்தித் திருத்தம் சொல்வார்கள். எல்லாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்து வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பன்னிரண்டில் விடுபட்டவை நிறைய. அருந்ததியர் எழுத்து போதவில்லை, பழங்குடிகள் இல்லை, நாடகம் இல்லை. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வையும் ஸ்ரீதர கணேசனின் ‘உப்பு வயல்’ நாவலையும் ஏன் விட்டாய் என்று கேட்டால் கேள்வி நியாயமானது. உங்கள் பட்டியலை எழுதி அனுப்புங்கள். எதைச் சேர்க்கிறீர்கள் என்பதோடு எதை நீக்குகிறீர்கள், ஏன் நீக்குகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.